ஐசக் முடுக்கிய நட்டு

சூளூர்ப்பேட்டை
9.1.1983

மச்சானுக்கு,

நாலு வருஷமாக உங்களுக்கு நான் எழுதவில்லை. இப்போதும் என் இஷ்டத்துக்கு எழுதவில்லை. உங்கள் தங்கை மேரி எதிரில் உட்கார்ந்துகொண்டு, இதை எழுதி முடிக்கும்வரை சோறு கிடையாது என்கிறாள். ஆகவே நலம் விசாரித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை செய்கிற ராக்கெட் தளத்தில் மறுபடி ஃபிட்டர்களை எடுக்கிறார்கள். பேப்பரில் விளம்பரம் வந்திருக்கிறது. படிப்பு இல்லாவிட்டாலும் மோட்டார் ஒர்க் ஷாப் அனுபவம் போதும், நாற்பது வயது வரை வரலாம் என்று போட்டிருக்கிறார்கள். உங்களுக்கு வருகிற ஆனியோடு நாற்பது முடிகிறது. இதை விட்டால் அப்புறம் ராக்கெட்டை நீங்கள் பேப்பரில்தான் பார்க்க வேண்டும்.

பரீட்சை பழையபடிதான். ஒரு குழாயைக் கையில் கொடுத்து இன்னொன்றோடு நட்டுப் போட்டு இணைக்கச் சொல்வார்கள். போன தடவை நாம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். நான் தேறினேன், நீங்கள் தேறவில்லை. நான்தான் அதிகாரியின் காதைக் கடித்து உங்களைக் கவிழ்த்தேன் என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறீர்கள். உண்மைக் காரணம் என்ன என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. தெரிந்ததும் உங்களிடம் சொல்ல ஊருக்கு வந்தேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய பட்டறையின் பலகையில் என் பெயரின் மேல் தார் பூசியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

அந்தக் காரணம் உங்கள் தலைமுடி. எந்த நட்டை எடுத்தாலும் அதைத் தலையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் ஏற்றித்தான் நீங்கள் மாட்டுவீர்கள். அன்றைக்கும் அதிகாரியின் கண்ணெதிரே அப்படியே செய்தீர்கள். எனக்குத் தலையில் முடி இல்லாததால் தேய்க்க வழியில்லை, அப்படியே மாட்டினேன். நமக்குள் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். இங்கே குழாயில் ஓடுவது பெட்ரோல் அல்ல, ஆக்சிஜன். அழுத்தத்தோடு வருகிற ஆக்சிஜனில் எண்ணெய் பட்டால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். எண்ணெய்க் கையோடு ஒருவன் குழாயைத் தொட்டால் இங்கே அவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள்.

அதனால் அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நட்டின் மரையில் எண்ணெய், கிரீஸ் எதையும் காட்டாதீர்கள். கேட்டால் கேளுங்கள், கேட்காவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

தானியேல்


உத்திரமேரூர்
17.1.1983

ராக்கெட் விடும் திருவாளர் தானியேல் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் பெரிய மனது பண்ணி எழுதியதைப் பார்த்து ஒர்க் ஷாப்பே புல்லரித்துப்போயிற்று.

மரியாதை இவ்வளவு போதும். இனி நீ என்றே எழுதுகிறேன்.

விளம்பரத்தை நீ எழுதித்தான் நான் பார்க்க வேண்டுமா? பேப்பர் வந்த அன்றைக்கே டீக்கடையில் பார்த்து, மறுநாளே மனுப் போட்டாயிற்று. ஆரியபட்டா மேலே போனதிலிருந்து வந்த செய்தி ஒன்று விடாமல் வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்திருப்பவன் நான். ராக்கெட் என்ற வார்த்தையையே உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். கார்புரேட்டரைக் கழற்றி, "இதோ பார், காற்றும் பெட்ரோலும் கலக்கிற இந்த வித்தைதான் அங்கேயும், அளவுதான் பெரிசு" என்று படித்துப் படித்துச் சொன்னேன். நீ அப்போது கொட்டாவி விட்டாய். கொட்டாவி விட்டவன் இன்றைக்கு உள்ளே இருக்கிறாய், நான் இங்கே லாரிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன்.

எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெய் இல்லாமல் நட்டுப் போடு என்கிறாய். திருப்புட்குழி மாட்டுவண்டிக்காரன்கூட அச்சுக்கு வண்டி மை போடாமல் சக்கரம் மாட்டமாட்டான். நான் மாட்டுவேனா? காய்ந்த மரையில் நட்டு ஏறினால் மரை சிராய்க்கும், கோணலாகக் கடித்துக்கொள்ளும். அதிகாரி பார்த்துவிட்டு, இவனுக்கு அரிச்சுவடியே தெரியவில்லை என்று வெளியே அனுப்புவார். அதுதானே உனக்கு வேண்டும்?

தலைக்கு எண்ணெய் வைக்காமல் போகச் சொல்கிறாய். நான் பரீட்சைக்குப் போகிறேனா, எழவு வீட்டுக்குப் போகிறேனா? போன தடவை என்னைக் கவிழ்த்தது போதாதென்று இந்தத் தடவையும் கவிழ்க்கப் பார்க்கிறாய். அதற்கு என் தங்கையின் பெயரை வேறு இழுக்கிறாய்.

நான் முடுக்கிய நட்டு வேலூர் ரோட்டுக் குண்டுகுழியில் கழன்றுவிட்டது என்று ஒரே ஒரு லாரி டிரைவரை வந்து சொல்லச் சொல். அப்புறம் எனக்கு நீ பாடம் நடத்தலாம்.

ஐசக்


சூளூர்ப்பேட்டை
26.1.1983

மச்சானுக்கு,

ராக்கெட் என்ற வார்த்தையை நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். மறுக்கவில்லை. கூடவே நடத்திய பாடமும் எனக்கு மறக்கவில்லை.

அம்பாசிடர் கார் பெட்ரோல் பம்பையும் புல்லட் சைலன்சரையும் ஒன்றாகச் சேர்த்து, காவாந்தண்டலம் ஏரிக்கரையில் வைத்து ஒரு ராக்கெட் விட்டீர்கள். அது வானத்துக்குப் போகவில்லை, ஊர்த்தெரு வேதாசலம் வீட்டு வைக்கோல் போருக்குப் போனது. ஊரே திரண்டு ஓடிவந்து வேப்பமரத்தில் கட்டியது என்னைத்தான். "சேரியிலேருந்து வந்த பசங்களுக்கு ராக்கெட்டு கேக்குதா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அதே கேள்வி. நீங்கள் அந்த நேரத்தில் கரும்புத் தோட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, அது ஏன் இடது பக்கம் சாய்ந்தது என்று மண்ணில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் முதுகில் ரத்தத்தோடு வந்தபோது நீங்கள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "சைலன்சர் முழுசா கீதா?" என்று கேட்டீர்கள்.

அன்றைக்கே உங்கள் சகவாசத்தை விட்டிருக்க வேண்டும். மேரியைக் கட்டிக்கொண்டதால் விடமுடியவில்லை.

உண்மையைச் சொன்னால் ராக்கெட் மேல் எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. அது மேலே கிளம்பும்போது இங்கே பெரிய பெரிய ஆட்களெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிக்கொண்டு குதிப்பார்கள். நான் கேன்டீனில் டீ வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விடுவேன். எனக்கு இது ஒரு உத்தியோகம், வெயிலில் லாரிக்கு அடியில் கிடக்கத் தேவையில்லாத உத்தியோகம். உங்களுக்குத்தான் இது உயிர். அது தெரிந்துதான், இத்தனைக்குப் பிறகும், எண்ணெய் தொடாதீர்கள் என்று எழுதினேன்.

உங்களைக் கவிழ்த்து எனக்கு ஆகப்போவது என்ன? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யோசிக்கிற பழக்கம் உங்களுக்கு இரும்பைப் பற்றி மட்டும்தான் உண்டு, மனுஷனைப் பற்றிக் கிடையாது.

தானியேல்


உத்திரமேரூர்
14.2.1983

தானியேலுக்கு,

கார்டு வந்துவிட்டது. மார்ச் பத்தாம் தேதி மெட்ராசில் டெஸ்ட். நீ ஊதி அணைக்கப் பார்த்தும் அணையவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த ராக்கெட் ஏன் சாய்ந்தது என்று எனக்கு எப்போதோ தெரிந்துவிட்டது. நான்கு தகட்டுச் சிறகு வைத்தோம், மூன்றை நான் ஒட்டினேன், ஒன்றை நீ ஒட்டினாய். அது எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கத்துச் சிறகு உன்னுடையது. பீடியை வாயில் வைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு ஒட்டினாய். அடி வாங்கியது நீதான், அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அடி வாங்கியவன் என்பதற்காகச் சிறகு நேராகிவிடாது.

ராக்கெட் மேலே போகும்போது டீக்குப் போய்விடுவேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு லாரியின் கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். கர்த்தர் யாருக்கு எதைக் கொடுக்கிறார் என்றே புரியவில்லை.

நீ சொல்கிறாய் என்பதற்காகவே நான் அன்றைக்குத் தலையில் எண்ணெய் வழிய வழியத்தான் போகப்போகிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இனி நீ எதை எழுதினாலும் அதற்கு நேர்மாறாகத்தான் செய்வேன். கிழக்கே போ என்று எழுதினால் மேற்கே போவேன். இதை நன்றாக எழுதிவைத்துக்கொள். என் தங்கையிடமும் படித்துக் காட்டு.

ஐசக்


சூளூர்ப்பேட்டை
24.2.1983

மச்சானுக்கு,

கார்டு வந்தது பற்றிச் சந்தோஷம். எண்ணெய் விஷயத்தை இனி நான் பேசவில்லை. வைப்பதும் வைக்காததும் உங்கள் தலை, உங்கள் இஷ்டம்.

இன்னொரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். நட்டை முடுக்க அங்கே ஒரு ஸ்பானர் கொடுப்பார்கள். நம் பட்டறையில் இருப்பது மாதிரி இருக்காது, நீளக் கைப்பிடி, அதில் எண்கள் போட்டிருக்கும். முடுக்கிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் 'டக்' என்று சத்தம் கேட்கும், கைக்கும் தெரியும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். அது பாதி முடுக்கு என்பதற்கு அடையாளம். அதற்கு மேலும் கால் சுற்றாவது நன்றாகக் கொடுங்கள். உங்கள் கைப்பலம் என்ன என்பதை அவர்கள் பார்க்க வேண்டும். ராக்கெட் என்பது வேலூர் ரோட்டை விட அதிகமாக அதிரும், நட்டு கழன்றால் எல்லாம் போச்சு என்று அவர்களுக்கு எப்போதும் பயம்.

மேரி நன்றாக இருக்கிறாள். ஈஸ்டருக்கு அங்கே வர வேண்டும் என்கிறாள். அதை அப்புறம் பார்ப்போம்.

தானியேல்


உத்திரமேரூர்
13.3.1983

மாப்பிள்ளை என்று எழுதி அடித்துவிட்டேன். உன் பெயரை எழுதவும் பிடிக்கவில்லை. அப்படியே ஆரம்பிக்கிறேன்.

போன மாசக் கடைசியில் ஒரு டிராக்டர் டிராலியின் கொக்கியை வெல்டிங் வைக்கக் காஞ்சிபுரம் போனேன். நம்மிடம் கேஸ் வெல்டிங் கிடையாது, எப்போதும் எல்லப்பன் பட்டறைக்குத்தான் அனுப்புவோம், உனக்குத் தெரியும். இந்தத் தடவை நானே கூடப் போனேன். ஆக்சிஜன் சிலிண்டரின் தலையில் இருக்கிற திருகு இறுகிக்கொண்டு எல்லப்பனுக்கு மசியவில்லை. கொடு நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, வழக்கப்படி விரலைத் தலையில் தேய்த்து அந்த மரையில் தடவப் போனேன். அவன் என் கையைத் தட்டிவிட்ட தட்டில் மணிக்கட்டு வீங்கிப்போயிற்று.

"இன்னாய்யா பண்றே நீ? எண்ணெக் கைய எடுத்துக்கினு ஆக்சிஜன் கிட்ட வர்றியே. பத்திக்கிச்சின்னா நீயும் வூடு போய்ச் சேரமாட்டே, நானும் போமாட்டேன்" என்றான்.

உன் முதல் கடிதத்தில் இருந்ததைத்தான் அவனும் சொன்னான். ராக்கெட்டையே பார்க்காத எல்லப்பனுக்கு உன்னோடு சேர்ந்து என்னை ஏமாற்ற வேண்டிய அவசியம் இல்லை. பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரே யோசனை. தானியேல் உண்மையைத்தான் எழுதியிருக்கிறான், நான்தான் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன் என்று தோன்றியது. நாலு வருஷமாக ஊர் முழுக்க அவனைத் தூற்றிக்கொண்டு திரிந்தோமே என்று வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்தேன். நீ எழுதிய அடுத்த கடிதம் வந்து கிடந்தது. 'டக்' என்று கேட்டாலும் நிறுத்தாதே என்று எழுதியிருந்தாய்.

என் பெண்டாட்டி சிட்டம்மாள், "அவருக்கு ஒரு கார்டு போடு, நீ சொன்னது சரின்னு ஒரு வார்த்த எழுது" என்றாள். எழுத உட்கார்ந்தேன். உன் பெயரைப் போட்டு நன்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வேலை கிடைத்ததும் அந்த ஆர்டரோடு சூளூர்ப்பேட்டைக்கு வந்து, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

டெஸ்டுக்கு முதல்நாள் சீயக்காய் போட்டு இரண்டு தடவை தலைக்குக் குளித்தேன். எண்ணெய் இல்லாமல் முடி துடைப்பம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. பஸ்ஸில் தெரிந்தவர்கள் யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, என் மாப்பிள்ளை சொன்னான் என்றேன்.

போன தடவை இருந்த அதே அதிகாரிதான் இந்தத் தடவையும். என் கையைப் பிடித்து வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டு, ஏற்கனவே இந்த வேலை பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். மேசைமேல் குழாய் இருந்தது. அப்படி ஒரு வேலைப்பாட்டை நான் பார்த்ததே இல்லை. உள்ளே விளக்கு வைத்த மாதிரி பளபளத்தது. கொஞ்ச நேரம் சும்மா கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நட்டை வெறும் விரலால் ஏற்றினேன். சிராய்க்காமல், கோணாமல் தானாகப் போய் உட்கார்ந்தது. அப்புறம் அந்த ஸ்பானரைக் கொடுத்தார்.

'டக்' என்றது.

இதை நீ ஒழுங்காகப் படி. என் கை அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் குழாய் அலுமினியம், நம் பிரேக் பைப் மாதிரி கெட்டி அல்ல, இளசு. போதும் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருஷமாக இந்தக் கையை வைத்துப் பிழைக்கிறேன், அது ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. என் கை போதும் என்றது, உன் கடிதம் போதாது என்றது. நான் உன் கடிதம் சொன்னதைக் கேட்டேன்.

கால் சுற்றுக் கூடுதலாகக் கொடுத்தேன். குழாயின் வாய் கீறிக்கொண்டது. அதிகாரி ஓடிவந்து ஸ்பானரைப் பிடுங்கினார். "டக்னு சொன்னப்புறம் ஏன்யா முடுக்கினே? நிறுத்துன்னு சொல்றதுக்குத்தானே அது டக்னு சொல்லுது" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வருத்தப்பட்டுச் சொன்னார்.

ஆனி பிறந்தால் எனக்கு நாற்பது. இனி எந்த விளம்பரத்துக்கும் நான் மனுப் போட முடியாது. நீ நினைத்தது நடந்துவிட்டது. நான் நம்பாதபோது உண்மையைச் சொன்னாய், நான் நம்பத் தொடங்கிய நேரம் பார்த்துப் பொய்யைச் சொன்னாய். வைக்கோல் போருக்கு வாங்கிய அடியை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டாய். இந்த வீட்டு வாசலை நீ மிதிக்கக்கூடாது.

ஐசக்


சூளூர்ப்பேட்டை
20.3.1983

மச்சான்,

நீங்கள் இதைப் படிப்பீர்களோ, அடுப்பில் போடுவீர்களோ தெரியாது. படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

நீங்கள் நம்புகிறீர்கள் என்று தெரிந்து நான் பொய் எழுதவில்லை. நம்பமாட்டீர்கள் என்று நினைத்துத்தான் எழுதினேன். எது எழுதினாலும் அதற்கு நேர்மாறாகத்தான் செய்வேன், எழுதிவைத்துக்கொள், தங்கையிடமும் படித்துக் காட்டு என்று எழுதியது நீங்கள். படித்துக் காட்டினேன். மேரி, "எங்க அண்ணன் சொன்னா சொன்னதுதான். சின்ன வயசிலேருந்தே அப்படித்தான் கீது. மழை வருது, வெளியே போகாதேன்னா போய் நனைஞ்சிக்கினு வரும். நீ நேர்மாறா எழுதிப் போடு, அது தானா சரியா பண்ணிக்கும்" என்றாள். அது எனக்கும் சரியென்று பட்டது. 'டக்' என்றதும் நிறுத்துங்கள் என்று எழுத வேண்டியதை, நிறுத்தாதீர்கள் என்று எழுதினேன். எண்ணெயைப் பற்றியும் அப்படியே எழுதலாம் என்றாள். ஒரேயடியாக மாற்றிப் பேசினால் சந்தேகப்படுவீர்கள் என்றுதான் அதைத் தொடவில்லை.

உங்களிடமிருந்து ஒரு வரி வந்திருந்தால் போதும், மச்சான். எல்லப்பன் பட்டறையில் நடந்ததைப் பற்றி, அரைக் கார்டில், திட்டிக்கூட எழுதியிருக்கலாம். நானே லீவு போட்டு ஓடிவந்து உங்களை பஸ் ஸ்டாண்டில் நிறுத்தியிருப்பேன். வரவில்லை. டெஸ்ட் அன்றைக்குக் காலையில் மேரி முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினாள். அண்ணன் என் புருஷன் சொன்னதைக் கேட்கக்கூடாது என்றுதான் ஜெபம் பண்ணினாள்.

அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். நான்தான் தப்பாகச் சொல்லிக் கொடுத்தேன், என் மச்சான் மேல் தப்பில்லை என்றேன். குழாயைக் கீறிவிட்ட ஆளை எடுக்க விதி இடம் கொடுக்காது என்றுவிட்டார். உங்களை அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையைச் சுத்தமாக வைத்திருந்தவர்தானே என்று கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மேரி சாப்பிடாமல் கிடக்கிறாள். ஈஸ்டருக்கு அவளை அனுப்பிவைக்கிறேன். அவளை ஒன்றும் சொல்லாதீர்கள். திட்டுவதாக இருந்தால் என்னையே திட்டுங்கள், எனக்குப் பழகிவிட்டது.

தானியேல்


உத்திரமேரூர்
5.4.1983

தானியேலுக்கு,

மேரி வந்திருக்கிறாள். நீ எழுதியதையே அவளும் சொன்னாள். உன் வாயால் மட்டும் வந்திருந்தால் நம்பியிருக்கமாட்டேன், அவள் சொன்னதால் நம்புகிறேன். அவளைத் திட்டவில்லை. திட்ட நினைத்துத்தான் உட்கார்ந்தேன், பத்து வயதுப் பிள்ளை மாதிரி மூலையில் நின்றுகொண்டு, "நான்தாண்ணே சொன்னேன், நான்தாண்ணே சொன்னேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கோழி அடித்துக் குழம்பு வைக்கச் சொன்னேன். இப்போது சாப்பிடுகிறாள்.

நம்பிவிட்டேன் என்பதற்காக ஆறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ வேண்டுமென்று கெடுத்திருந்தாலாவது எனக்கு ஒரு வசதி இருந்தது. ஆயுசு முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதையும் கெடுத்துவிட்டாய். உன்னைத் திட்ட வாயைத் திறந்தால், எது சொன்னாலும் நேர்மாறாகச் செய்வேன் என்று எழுதிய என் கைதான் ஞாபகம் வருகிறது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் உன் பேச்சைக் கேட்டேன். அந்த நாளாகப் பார்த்துத்தான் நான் கேட்கமாட்டேன் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு கட்டினீர்கள். இதற்கு யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் பழக்க தோஷத்தில் உன்னையே திட்டிக்கொள்கிறேன்.

அதிகாரியிடம் போய் எனக்காகப் பேசினதற்கு நன்றி என்று எழுத வேண்டும் என்கிறாள் மேரி. எழுதமாட்டேன். உன்னை யார் போய் அழச்சொன்னது?

வாசலை மிதிக்காதே என்று சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. மேரி இஷ்டப்படுகிற வரைக்கும் இங்கே இருக்கட்டும். நீ வராதே. உன் முகத்தைப் பார்த்தால் அந்தக் குழாய் கீறின சத்தம் எனக்குக் கேட்கும். கொஞ்ச காலம் போகட்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த மாதம் அங்கே ஒன்று மேலே போகப்போகிறது என்று பேப்பரில் பார்த்தேன். அன்றைக்கு நீ டீக்குப் போகக்கூடாது. வெளியே வந்து நின்று கடைசி வரைக்கும் பார். கிளம்புகிற நிமிஷம் எப்படி இருக்கிறது, முதலில் வெளிச்சம் வருகிறதா சத்தம் வருகிறதா, சத்தம் காதில் கேட்கிறதா நெஞ்சில் கேட்கிறதா, புகை என்ன நிறம், சாய்கிறதா நேராகப் போகிறதா, எல்லாவற்றையும் பார்த்து எழுது. குழாய்களை மாட்டும்போது எதைத் தொட்டாய், எது எவ்வளவு கனம், எந்த நட்டுக்கு எத்தனை தரம் 'டக்' கேட்டாய், அதையும் எழுது. பேப்பரில் இதெல்லாம் போடமாட்டார்கள். எனக்குச் சொல்ல உன்னை விட்டால் வேறு யாரும் கிடையாது.

நீ எழுதுவதை நான் நம்பமாட்டேன். நம்பமாட்டேன் என்பதற்காக மாற்றி எழுதிவிடாதே. பார்த்ததைப் பார்த்தபடி எழுது.

ஐசக்